பச்சைத் திரைக்கு முன்னால்

செய்திக்கூடத்துக்குள் காலை வைத்ததும் முதலில் குளிர் அடித்தது. அடுத்து, புதுப் பெயிண்டும் பலகையும் கலந்த வாசனை. தினமும் மாலையில் எங்கள் வீட்டுக்குள் வந்து உலக நடப்பைச் சொல்லிவிட்டுப் போகும் அந்தக் கம்பீரமான மேசையிலிருந்தா தச்சுப்பட்டறை வாசனை வருகிறது என்று ஐயப்பட்டு, சுற்றிக்காட்ட வந்த அக்கா அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து அதை விரலால் தட்டினேன். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் பெட்டி.

அப்போது நான் தொடக்கநிலை ஆறு. தொடக்கப்பள்ளியை முடிக்கும் பி.எஸ்.எல்.இ. பரீட்சையின் வாய்மொழித் தேர்வு நெருங்கியதால், நல்ல தமிழை எப்படிப் பேசுகிறார்கள் என்று பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும் என எங்கள் தமிழாசிரியை வகுப்பையே ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குப் பேருந்தில் அழைத்துப் போயிருந்தார். வழக்கமாக என்னைக் கண்டாலே சிடுசிடுப்பவர், அன்று பக்கத்தில் உட்காரவைத்து மைலோ பாக்கெட் ஒன்றை நீட்டினார். வீட்டில் எனக்குச் "சந்தேகப் பிராணி" என்று பெயர். அந்த மைலோவையே நான் யோசித்து யோசித்துத்தான் குடித்தேன்.

அப்பாவை நான் அத்தா என்றுதான் கூப்பிடுவேன். தேக்கா கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். செய்தி தொடங்கினால் வீட்டில் "மூச்!" யாரும் வாய் திறக்கக் கூடாது. எந்த வாக்குவாதமும் அவருடைய ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: "செய்தியில சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்ன?" அந்தச் செய்தியை வாசிப்பவர் எங்கள் கண்ணெதிரே கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார். வணக்கம் சொல்லிவிட்டு எழுந்தார் பாருங்கள், கீழே அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு! வகுப்பே உருண்டு சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, ஏமாந்துபோன எரிச்சல்தான் வந்தது. அவருக்குப் பின்னால் தினமும் மினுங்கும் ஆற்றோரக் கட்டடங்கள் இருந்த இடத்தில் சுருக்கமில்லாத ஒரு பச்சைத் துணி தொங்கியது. "இங்க எத வேணும்னாலும் போட்டுக்கலாம், பாக்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது" என்று அந்த அக்கா பெருமையாகச் சொன்னார்.

பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல் என்னைக் குடைந்தது. ஏனென்றால் அத்தா மூன்று வாரமாக வீட்டில் இல்லை. சரக்கு எடுக்க மெட்ராஸ் போயிருப்பதாக அம்மா சொன்னார். தினமும் செய்தி முடிந்ததும் கைபேசியில் முகம் காட்டுவார். மெட்ராஸ் போனால் எப்போதும் பனியனும் கைலியுமாகப் பேசுகிற மனிதர், இம்முறை கழுத்துப் பொத்தான்வரை போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். ஒரு தடவைகூட ஹாரன் சத்தம் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் வெளிர்பச்சை நிறத்தில் ஒரு திரை.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒருவர் இப்படித்தான் "சரக்கு எடுக்கப் போறேன்" என்று போய் இன்னொரு குடும்பத்தோடு தங்கிவிட்டார். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதை நான் கேட்டிருக்கிறேன். அத்தாவும் எங்களை விட்டுவிட்டார் என்றே முடிவு கட்டினேன். அன்று மாலை அவர் முகம் வந்ததும், ஸலாம்கூடச் சொல்லாமல், "அத்தா, எழுந்து நில்லுங்க" என்றேன்.

"லைன் சரியில்லலா. அம்மாகிட்ட குடு."

"நில்லுங்க. இல்லன்னா பின்னால இருக்கிற திரைய விலக்குங்க. நீங்க மெட்ராஸ்லயே இல்ல."

அம்மா கைபேசியைப் பிடுங்க வந்தார். "விடு, பாத்துட்டுப் போவட்டும்" என்று அத்தாவின் குரல் கேட்டது. படம் ஆடியது. திரை, கட்டில் கம்பி, வெள்ளைப் போர்வை எல்லாம் மெதுவாக நகர்ந்து வந்தன. போர்வைக்குக் கீழே ஒரு கால் முழு நீளத்துக்கு மேடாகத் தெரிந்தது. மறுபக்கம் முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது. சர்க்கரை வியாதியில் புண் ஆறாமல் காலை எடுத்துவிட்டார்கள். மெட்ராஸும் இல்லை, வேறு குடும்பமும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய்விடக்கூடிய மருத்துவமனை அது.

"பி.எஸ்.எல்.இ. முடியுற வரைக்கும் புள்ளைக்குத் தெரிய வேணாம்னு அத்தாதான் சொன்னாங்க" என்று அம்மா அழுதார். பக்கத்து வீட்டுக்குத் தெரியும், கடைப் பையன்களுக்குத் தெரியும், மைலோ கொடுத்த ஆசிரியைக்கும் தெரியும். ஒரு பரீட்சைக்காக ஊரே சேர்ந்து எனக்கொரு செய்தி வாசித்திருக்கிறது! அவர் எங்களை விட்டுப் போகவில்லை என்ற நிம்மதியும், என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபமும் ஒன்றாக வந்து நானும் அழுதேன்.

அதற்குப் பிறகு அத்தா எங்கிருந்து அழைத்தாலும், பேசுவதற்கு முன் கைபேசியை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். கடை என்றால் துணி அடுக்குகள், பள்ளிவாசல் வாசல் என்றால் கழற்றிவைத்த செருப்புகள், கடைசியில் தன் மரக்கால்.

இன்று தெம்பனிஸில் இருக்கும் என் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியே இல்லை. குறித்த நேரத்தில் செய்திக்காக யாரும் வாயை மூடுவதும் இல்லை. அலுவலகக் கூட்டங்களில் ஆளாளுக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு கடற்கரையை வைத்துக்கொண்டு வருகிறார்கள், அதற்குப் பச்சைத் துணிகூட வேண்டியதில்லை. அத்தாவின் கடைசி அழைப்பும் மருத்துவமனையிலிருந்துதான் வந்தது. நான் கேட்கவே இல்லை, அவராகவே கைபேசியைத் திருப்பிக் கட்டிலோரத் திரையையும் மூக்குக் குழாயையும் ஜன்னலையும் காட்டினார். "எல்லாம் காட்டிட்டேன்லா. இப்ப நம்புறியா?"

நம்பினேன். நல்லா இருக்கிறோம் என்று சொல்ல எத்தனையோ பேர் இப்போதும் அழைக்கிறார்கள். ஒருவரும் கைபேசியைத் திருப்பிக் காட்டுவதில்லை.