பிரான்காச்சோவில் வாங்கிய பாம்புச் சட்டைக் களிம்பு

கைக்குப் பூசும் சீனக் களிம்பு முடிந்துபோனதால்தான் போன சனிக்கிழமை நகரத்தின் மறுபக்கம், பட்டறைகள் நிறைந்த பிரான்காச்சோவுக்குப் போனேன். இதுவரை அதை வாங்கி வந்தவர் என் மனிசன். அந்தப் பக்கம்தான் அவருக்கு வேலை. அவர் போய் ஐந்து மாதம். டப்பாவின் அடியைத் தீக்குச்சியால் வழித்தும் பூசிவிட்டேன். எனக்கு வீடுகள் துடைக்கிற வேலை. குளோரின் தண்ணீரில் விரலெல்லாம் வெடித்து அரிக்கும். உங்களில் பலருக்கும் இதே கைதான், அதனால் எழுதுகிறேன்.

நான் இருக்கிற ஒரேத்தோவில் காலை 9.10க்குப் பஸ் ஏறினேன். டிக்கெட் 1 யூரோ 40 சதம், இருபது நிமிட ஓட்டம். கடையின் பெயர் தெரியாது. லேபிள் இல்லாத வெறும் டப்பாவை டிரைவரிடம் காட்டினேன். அவர் மோந்து பார்த்து, தன் மாமியாரிடமும் இதே மணம்தான், கடை தெரியும் என்று சிரித்து, கதவு செய்கிற பட்டறைக்கு முன்னால் இறக்கிவிட்டார். அங்கிருந்து 300 மீட்டர் நடை.

கடையில் ஒரு சீனப் பெண், என் வயதிருக்கும். டப்பாவைக் கண்டதும் தலையாட்டினாள். புதிதாக ஒன்றை எடுத்து, நான் கேட்காமலே லேபிளை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். ஏன் என்றேன். இதை வாங்குகிற தமிழர் எப்போதும் அப்படித்தான் கேட்பார் என்றாள், எங்கள் இருவருக்கும் வருகிற அரைகுறை இத்தாலிய மொழியில். பாதி உரிந்த லேபிளில் ஒரு பாம்பு.

நாங்கள் நாகதம்பிரானைக் கும்பிடுகிற ஆட்கள், பாம்பை அடிக்க விடமாட்டோம். இதில் என்ன கிடக்கு என்று கேட்டபோதெல்லாம் என் மனிசன் சொன்னது, "இஞ்சேரும், மரப்பட்டைதான். பேசாமல் கையை நீட்டும்." ஒன்பது வருசம் அதைப் பூசிய கையால்தான் சாமிக்கு விளக்கேற்றினேன்.

அவள் மேசை லாச்சியைத் திறந்து மெல்லிய வெள்ளைச் சுருள் ஒன்றைக் காட்டினாள். பாம்பு தானாகக் கழற்றிப்போட்ட சட்டை. அதைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சுவார்களாம். அரிப்புக்குச் சில்வண்டு கழற்றிப்போட்ட கூடும் சேர்ப்பார்களாம்.

"அவர் முதல்நாள் ரெண்டு தரம் கேட்டவர், பாம்பைக் கொல்லுறவையோ எண்டு. இல்லை எண்ட பிறகுதான் வாங்கினவர். இப்ப ஏன் வாறேல்லை?" என்று கேட்டாள்.

"அவர் என்ரை மனிசன். செத்துப்போனார்."

அவள் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, மிச்ச லேபிளையும் உரிக்கவா என்று மெதுவாகக் கேட்டாள்.

"வேண்டாம். பாம்பு இருக்கட்டும்."

விலை 6 யூரோ. ஞாயிறு பூட்டு. வெடித்து இரத்தம் வருகிற இடத்தில் பூசாதீர்கள், டாக்டரிடம் போங்கள். என்ன சேர்த்திருக்கிறது என்று நீங்களே கேட்டு வாங்குங்கள். எனக்கு அரிப்பு அடங்கியது களிம்பாலா, அவர் தேய்த்த தேய்ப்பாலா என்று சொல்லத் தெரியவில்லை. இப்போது இடக்கையால் வலக்கைக்குப் பூசப் பழகிக்கொண்டிருக்கிறேன்.