விஷக்காரனுக்கு மூன்று ஜோடி கையுறை

முதலில் ஒரு மன்னிப்பு. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் பனி, பஸ், காபிப்பூ, குரங்கு என்று எனக்குத் தெரிந்ததை எழுதி வந்தேன். நீங்களும் பொறுத்துக்கொண்டீர்கள். பத்தாவதோடு நின்றுபோன ஒரு எஸ்டேட் ஸ்டோர்கீப்பர், நாற்பத்தாறு வயதில், கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். தெரியும். ஆனால் மூன்று வாரமாக வேறு எதுவும் என் தலைக்குள் இல்லை. ஒன்றைத் தவிர... அந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் நான் செத்துப்போனேன். ஒரே சாயங்காலத்தில் ஏழு தடவை!

நடந்தது இதுதான். என் மனைவி சரசுவின் தம்பி குணா பெங்களூரில் வேலை பார்க்கிறான். அறை மாற்றுகிறானாம். அதுவரை தன் கம்ப்யூட்டரை எங்கள் குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். வைக்க இடம்? சரசுவின் தையல் மிஷின்தான். அதன் மேல் பலகையைப் போட்டு, பலகை மேல் டிவி மாதிரி ஒன்றை ஏற்றிவிட்டான்.

"மூணு வாரந்தானுங்க மாமா. சும்மா கிடக்க வேண்டாம், ஒரு கேம் போட்டு வெச்சிருக்கேன். விளையாடிப் பாருங்க" என்றான்.

"மூணு வாரத்துக்கு ஊர்க்காரிக ஜாக்கெட்டை எல்லாம் யாருடா தைக்கறது? உங்க மாமாவா?" என்றாள் சரசு.

குணா போனதும் நான் தயங்கித் தயங்கி மவுஸைப் பிடித்தேன். திரையில் ஐந்து பேர் தீயைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவரை நம் ஆளாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாள்காரன், கோடரிக்காரன், வில்காரி, மந்திரவாதி, மூலையில் கறுப்பு அங்கியில் ஒல்லியாக ஒருவன். அந்த ஒல்லிக்கு வாளும் வராது, கோடரியும் வராது. கத்தியில் விஷம் தடவிக் குத்துவான், ஓடிவிடுவான். மற்றவர்கள் எல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நிற்க, அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

ஏன் பிடிக்காது? பத்தொன்பது வருஷமாக எஸ்டேட் மருந்துக் கிடங்கின் சாவி என் கையில். தண்டுத் துளைப்பானுக்கு எது, காய்த் துளைப்பானுக்கு எது, எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி — தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். வாளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? விஷத்தைப் பற்றித் தெரியும்.

அந்தத் தெரிந்ததுதான் என்னை ஏழு தடவை கொன்றது.

முதல் குகையில் தடியாக ஒரு ராட்சசன் வந்தான். ஒரு குத்து. அவன் தலைக்கு மேல் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு பச்சையாக மாறியது. விஷம் ஏறிவிட்டது! எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து அடித்து முடித்ததும் பிளாக் என்கிற அந்தத் தோட்டப் பகுதியின் வாசலில் குச்சி நட்டு ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வெளியே வந்துவிடுவோம். மருந்து தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். நாம் உள்ளே நிற்கக் கூடாது. அதே பழக்கத்தில், ராட்சசனைக் குத்திவிட்டு, எழுந்து அடுப்படிக்குப் போய் டீ போட்டேன்.

சரசு உள்ளிருந்து கூப்பிட்டாள். "ஏனுங்க... உங்க ஆளு படுத்துக்கிட்டானுங்க!"

"எந்த ஆளு? தடியனா?"

"தடியன் ஜம்முனு நிக்கறானுங்க. ஒல்லிக்குச்சிதான் படுத்திருக்குது."

விஷம் நான்கே விநாடிதானாம்! தோட்டத்துக் கணக்கு அங்கே செல்லவில்லை. சரி, அடுத்த பாடம். ஒரு குத்துக்கு இரண்டு குத்தாகக் குத்தினால் இரண்டு மடங்கு ஏறும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. முதல் விஷம் உடம்பில் இருக்கும்போது அடுத்த குத்து வீண். எது வீரியம் கூடியதோ அது மட்டும்தான் நிற்கும். ஆக, குத்த வேண்டும், ஓட வேண்டும், நான்கு விநாடி எண்ண வேண்டும், திரும்பி வந்து குத்த வேண்டும். ஒரு இடத்தில் நின்றால் தொலைந்தோம்.

இப்படி ஓடி ஓடி ஒல்லியான் வளர்ந்தான். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒரு புள்ளி தருவார்கள். எதில் வேண்டுமானாலும் போடலாம். உடம்பு பலத்தில் போடலாம், கவசத்தில் போடலாம், பேச்சுத் திறமையில்கூடப் போடலாம். நான் அத்தனையையும் விஷத்தில் போட்டேன். வீரியத்தில் பாதி, நீடிக்கும் நேரத்தில் பாதி. நான்கு விநாடி பத்தாயிற்று. பத்து பதினைந்தாயிற்று. வேலை முடிந்து வந்ததும் கைகால் கழுவாமல் உட்காருவேன். சாப்பிடும்போதும் விரல்கள் தட்டில் குத்து, ஓடு, குத்து, ஓடு என்று ஆடும். காலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் வரிசையில் நிற்கும்போதுகூட மனசுக்குள் பதினைந்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

அந்த விளையாட்டில் ஒரு ஊர் உண்டு. கொல்லன், வைத்தியக்காரி, சத்திரக்காரி என்று பத்துப் பேர் அங்கங்கே நிற்பார்கள். பக்கத்தில் போய்த் தட்டினால் பேசுவார்கள். நான் யார் பக்கமும் போகவில்லை. வேலி ஓரமாகவே நடந்து குகைக்குப் போய்விடுவேன்.

சரசு இதைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஏனுங்க, அந்தப் பொம்பளை உங்களையே பார்த்துக்கிட்டு நிக்குதுங்க. என்னன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"என்னத்தைக் கேக்கறது? அவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்."

"பொம்மைங்க அது! பொம்மைகிட்டக்கூடவா வெக்கம்?"

என்ன செய்ய? சேலம் போகும் பஸ்ஸில் கண்டக்டர் மீதிச் சில்லறை தர மறந்தால் கேட்காமல் இறங்குகிற ஆள் நான்.

இங்கேதான் அந்த இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டர் வந்த முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை. கிடங்குக்கு வெளியே பழனியம்மா மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். ஸ்ப்ரே அடிக்கிற ஆட்களுக்கு ட்ரம்மில் கலக்கிக் கொடுப்பது அவர் வேலை. குச்சி கைக்குக் கிடைக்காவிட்டால் கையாலேயே கலக்கிவிடுவார். எல்லோரும் அப்படித்தான். அன்றைக்குத் திடீரென்று ட்ரம்மைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். வாந்தி. வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் திரும்பி வந்து கிடங்கு வாசலில் நின்றார்.

"ஏனுங்க சார், டாக்டரு நொம்பத் திட்டறாருங்க. கைக்கு உறை போடாம இதைத் தொட்டா அடுத்த தடவை எந்திரிக்க மாட்டேன்னு சொல்லிட்டாருங்க. தொரைகிட்டச் சொல்லி ஆளுக்கொரு ஜோடி வாங்கித் தாங்களேன்."

"சொல்றேனுங்க" என்றேன்.

சொல்லவில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை. சின்ன வயசு, மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் அந்த அறைக்குள் நுழைந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நான்கு தடவை ஆபீஸ் படி வரை போனேன். ஒரு தடவை உள்ளேயே போய்விட்டேன். "யெஸ்?" என்றார். "ஸ்டாம்ப் பேட் வேணுங்க சார்" என்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

எழுதிக் கொடுத்திருக்கலாமே, வாரா வாரம் எழுதுகிறவன்தானே என்பீர்கள். எழுதினேன். அழகாக இரண்டு பக்கம். எழுதி மடித்த பிறகுதான் நினைவு வந்தது — மேனேஜருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. சட்டைப் பையிலேயே இருந்த அந்தக் கடிதத்தைச் சரசு சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டாள்.

அடுத்த சுற்று மருந்தடிப்பு திங்கட்கிழமை என்று போர்டில் எழுதிவிட்டார்கள். ஏழாம் நம்பர் பிளாக். கலக்குவது பழனியம்மா. ஒவ்வொரு நாளும் போர்டைப் பார்ப்பேன், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். குத்து, ஓடு. குத்து, ஓடு.

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. சாயங்காலம் குணா வண்டி கொண்டுவந்து கம்ப்யூட்டரை எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தான். நான் கடைசிக் குகையில் நின்றிருந்தேன். உள்ளே ஒருவன், மலை மாதிரி. அவனை முடித்தால் ஆட்டமே முடிந்தது. காலையிலிருந்து பதினோரு தடவை செத்திருந்தேன். குத்துகிறேன், குத்துகிறேன், அவன் கோடு பச்சையாகவே மாட்டேன் என்கிறது!

சரசு காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒல்லியானின் மூட்டையைத் திறந்து வைத்திருந்தேன். அவன் சேர்த்த சாமான்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன.

"இது என்னங்க, கை மாதிரி?"

"கையுறை."

"இது?"

"அதுவும் கையுறைதான். அந்தப் பச்சை இருக்கே, அதைப் போட்டா விஷத்துக்கு வீரியம் கூடும். கிடைக்கவே கிடைக்காது. மூணு நாளாத் தேடினேன்."

"அப்ப இந்த முள்ளு வெச்சது?"

"அது விஷம் தன் மேல படாம இருக்கறதுக்கு."

சரசு எண்ணினாள். "மூணு ஜோடி."

"ஆமா."

அவள் காபி டம்ளரை மெல்ல நகர்த்தி வைத்தாள். பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "பொம்மைக்கு மூணு ஜோடி இருக்குதுங்க. பழனியம்மாளுக்கு ஒண்ணு இல்லீங்களே."

சத்தமாகச் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் அந்த மூன்று ஜோடியையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் மலை மாதிரி இருந்தவன் என்னைப் பன்னிரண்டாவது தடவை கொன்றுவிட்டான்.

நாலு மணிக்குக் குணா வந்தான். வந்ததும் வராததுமாகத் திரையை எட்டிப் பார்த்தான். சிரிப்பு தாங்கவில்லை அவனுக்கு.

"என்னங்க மாமா, அத்தனை புள்ளியையும் விஷத்திலயா போட்டீங்க? அந்தக் கடைசி ஆளுக்கு விஷம் ஏறவே ஏறாதுங்களே!"

"திருப்பி எடுத்து வேற எதிலயாவது போட முடியாதா?"

"போட்டது போட்டதுதானுங்க. ஆனா இந்த ஆளை வெச்சே ஜெயிக்கலாம். சத்திரக்காரிகிட்டப் பேசினீங்கன்னா கூட நாலு ஆளை அனுப்புவா. அவங்க முன்னால நின்னு அடிப்பாங்க, நீங்க பின்னால இருந்து பார்த்துக்கலாம். பேசலீங்களா?"

உள்ளேயிருந்து சரசு சொன்னாள். "பேசலைடா. மூணு வாரமா அந்தப் பொம்பளை அங்கயேதான் நிக்குது."

"பேசாம முடிக்க வழியே கிடையாதா குணா?"

"இல்லீங்க மாமா."

வயர்களைச் சுருட்டினான். பெட்டியை வண்டியில் ஏற்றினான். பலகையை எடுத்ததும் சரசு தையல் மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, நூல் கோத்து, மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்று வாரத்து ஜாக்கெட் துணி பக்கத்தில் குவிந்து கிடந்தது.

எனக்கு உட்கார இடமில்லை. நிஜமாகவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன், வந்தேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு லயனுக்கு நடந்தேன். பத்தொன்பது வருஷத்தில் அந்த ஆட்கள் குடியிருக்கும் வரிசைக்கு நானாகப் போனது அதுதான் முதல் தடவை.

பழனியம்மா வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "ஏனுங்க சார், என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லீங்க. நான் தொரைகிட்ட இன்னும் சொல்லலீங்க."

"தெரியுமுங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

"நாளைக்குக் காலையில ஆபீஸுக்கு என்கூட வர முடியுங்களா? ஸ்ப்ரே அடிக்கிற ஆளுங்களையும் கூட்டிக்கிட்டு. நீங்க பேச வேண்டாம். பக்கத்தில நின்னாப் போதும்."

பழனியம்மா முறத்தைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். "பக்கத்தில நின்னுக்கிட்டு சும்மா இருக்க எனக்கு வராதுங்களே சார். நீங்க ஆரம்பிச்சு மட்டும் விடுங்க" என்றார்.

திரும்பி வரும்போது ஒரே ஒரு வாக்கியத்தை வழி நெடுக மனப்பாடம் செய்தேன். 'கையுறை வராமல் கிடங்கைத் திறக்க மாட்டேன்.' ஐந்தே வார்த்தை. இதற்கு இரண்டு வாரமா?

மேனேஜர் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார். அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மறுநாள் திங்கட்கிழமை, ஏழரை மணிக்கு ஐந்து பேர் ஆபீஸுக்குப் போனோம். நான் பேசியது ஒரு வாக்கியம், மீதியைப் பழனியம்மா பேசினார். கிடங்குச் சாவி அன்று முழுக்க என் சட்டைப் பையிலேயே இருந்தது.