கொலுப் பெட்டிக்குள் இரண்டு ஓட்டு

போன சனிக்கிழமை வசந்தி அக்கா எங்கள் வீட்டுக்கு நன்றி சொல்ல வந்தார். அன்றிலிருந்து எனக்கு ஒரே குழப்பம்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், நர்ஸ். நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தில், த்ரீ கிங்ஸ் என்கிற பேட்டையில், எங்கள் அடுத்த தெரு. இந்த முறை எங்கள் பகுதி உள்ளாட்சிக்கான லோக்கல் போர்டு தேர்தலில் நின்றார். எனக்குத் தெரிந்து எங்கள் ஏரியாவில் ஒரு தமிழர் நிற்பது இதுதான் முதல் தடவை.

அவருக்காக நடந்த கூட்டத்தில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு நகரத்தின் முதல் கறுப்பின மேயரைப் பற்றி அப்போதுதான் லைப்ரரியில் ஒரு புத்தகம் எடுத்திருந்தேன். விடுவேனா? துப்புரவுத் தொழிலாளியின் மகன். ஹோட்டலில் தட்டு கழுவிக்கொண்டே சட்டம் படித்தவர். முதல் தேர்தலில் தோற்றார். ஏன்? சொந்த ஜனங்கள் கூட்டத்துக்கு வந்து கை தட்டினார்கள்... ஓட்டுப் போடப் போகவில்லை!

"நாம அப்படி இருக்கலாமா?" என்று முழங்கினேன். ஒரே கைதட்டல். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இங்கே ஓட்டுச்சீட்டு வீட்டுக்கே தபாலில் வரும். டிக் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். நானும் என் மனைவி கீதாவும் டிக் அடித்து, கவரை ஒட்டியும்விட்டோம். மறுநாள் சரஸ்வதி பூஜை. அக்கா ஜெயிக்க வேண்டுமே என்று இரண்டு கவரையும் புத்தகங்களோடு கொலுவில் வைத்தாள் கீதா. பூஜையில் வைத்ததை விஜயதசமி வரை தொடக் கூடாது. தொடவில்லை. அப்புறம்? அவள் போஸ்ட் செய்திருப்பாள் என்று நான் இருந்தேன். நான் செய்திருப்பேன் என்று அவள்.

ரிசல்ட் வந்தது. அக்கா கொஞ்ச ஓட்டில் தோற்றுவிட்டார். "சே! ஆமா, நீங்க எந்த பாக்ஸ்ல போட்டீங்க?" என்றாள் கீதா.

நானா?

கொலு முடிந்து பொம்மைகளை அடுக்கிவைத்த கராஜுக்கு ஓடினோம். கொலுப் பெட்டியில், செட்டியார் பொம்மையின் காலடியில், இரண்டு கவரும் பத்திரமாக இருந்தன.

அந்த நேரம் பார்த்து வாசலில் அக்கா. கையில் டப்பா நிறையப் பால் டாஃபி.

"தம்பி, ஆர் போடாட்டியும் நீங்கள் ரெண்டு பேரும் போட்டிருப்பியள். அதுக்குத்தான் வந்தனான்."

சொல்வதா, மறைப்பதா? இரண்டு ஓட்டில் என்ன ஆகிவிடும்? அப்படியென்றால் அன்றைக்கு எதற்காக அந்த முழக்கம்?  வெட்கமாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

அக்கா டப்பாவை என் கையில் வைத்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"இண்டைக்கு நான் போன எல்லா வீட்டிலயும் இதே கதைதான். ஒரு வீட்டில ஃபிரிட்ஜுக்கு மேல கிடக்கு. ஒரு வீட்டில காருக்குள்ள. அது கிடக்கட்டும். நான் திரும்பவும் நிக்கப் போறன். அந்த மேயர் அடுத்த முறை தன்ர சனத்தை எப்பிடி வோட்டுப் போட வைச்சவர்? அதைச் சொல்லுங்கோ."

 மேயர் தோற்ற அத்தியாயத்தோடு படிப்பதை நிறுத்தி, புத்தகத்தை லைப்ரரியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன் — மேடையில் முழங்க அது போதுமாக இருந்தது.