மானகிரி வரைக்கும் வந்த சுறா

நீங்க நம்ப மாட்டீகன்னு தெரியும்ணே. பேயி, முனின்னு யாராச்சும் ஆரம்பிச்சாலே எந்திரிச்சுப் போற ஆளு நான்.

எனக்கு ஊரு மானகிரி, ஆசாரி வீட்டுப் பிள்ளை. துளை போடுறதுல கை சுத்தம்னுதான் தொண்டில கடல்மீன் ஆராய்ச்சி பண்ற மேடம் என்னைய வேலைக்குச் சேத்தாக. வலையில தெரியாம மாட்டுற திமிங்கலச் சுறாவ விடுறதுக்கு முன்னாடி துடுப்புல ஓட்டை போட்டு ஒரு கருவிய மாட்டணும், அது எங்குட்டெல்லாம் போகுதுன்னு சாட்டிலைட் வழியா போன்லயே தெரியும், போற வழி தெரிஞ்சாத்தான அதுகளக் காப்பாத்த முடியும். மாட்டுற வரைக்கும் கருவி அணைஞ்சு கெடக்க ஒரு காந்தத்தச் சிவப்பு டேப்பால ஒட்டியிருப்பாக. விடுறப்ப அத உரிச்சு எடுத்துரணும்.

ஒரு நாளு சிக்குன சுறாவுக்கு நான் அத உரிக்கல. ஓட்டை போடையில அம்புட்டுப் பெரிய மீனு ஒரு சிலுப்பு சிலுப்புச்சு பாருங்க, அந்த வலி பூராம் வீணு. ஏன் சிக்னல் வரலன்னு மேடம் கேட்டதுக்கு, ஆழத்துக்குப் போயிருக்கும், மேல வந்தா சிக்னல் வரும்னு வாய் கூசாம சொல்லிட்டேன்.

நாலாம் நாளு மத்தியானம் வீட்ல சோத்துல கைய வச்சிருக்கேன், போன் கத்துது. அதே கருவி நம்பர். மேப்புல அதோட புள்ளி தொண்டிக் கரையில நிக்கிது. அடுத்த தடவ பாத்தா திருவாடானை, தரையில! அப்புறம் தேவகோட்டை, காரைக்குடி, நம்புனா நம்புங்க, கடைசில எங்க வீட்டு மேலயே வந்து நின்னுருச்சு. எட்டிப் பாத்தா வாசல்ல வெயிலத் தவிர ஒண்ணுமில்ல.

அழுதுட்டேன்ணே. மேடத்துக்குப் போனப் போட்டு, காந்தத்த எடுக்க மறந்துட்டேன், என் தப்புதான்னு சொன்னா அவக சிரிக்கிறாக.

"காந்தம் இருந்தா சிக்னலே வராதே தம்பி, என் ஸ்கிரீன்லயும் வருது. சாட்டிலைட்தான் இடத்தைத் தப்பா காட்டுது. நீங்க எடுத்திருப்பீங்க, ஞாபகம் இல்ல."

சரிங்க மேடம்னு வச்சுட்டேன். ஆனா நான் மறக்கலண்ணே. மீன் திரும்பையில அந்தச் சிவப்பு டேப்பு கண்ணுக்கு நேராத் தெரிஞ்சுச்சு, கைய நீட்டியிருந்தா எட்டியிருக்கும். படகுல எல்லாரும் கை தட்டிக்கிட்டு நின்னாக, அந்நேரம் தப்பச் சொல்ல வெக்கப்பட்டு விட்டுட்டேன். அத மட்டும் மேடத்துக்கிட்ட சொல்லல.

போன வச்சதும் புள்ளி கெளம்பிருச்சு. வந்த வழியே காரைக்குடி தாண்டிப் போயி, கடலுக்குப் போகாம பாதி வழியில தேவகோட்டையிலயே நின்னுச்சு. இன்னைக்கும் அங்கதான் நிக்கிது. வேலைக்குப் போற பஸ்ஸு அந்த வழிதான், தேவகோட்டை வந்தா நான் சன்னல் பக்கம் திரும்பிக்கிருவேன், பக்கத்துல யாரு வந்து உக்காருறாகன்னு பாக்குறதே இல்ல.