லக்ஷ்மிபாய் நகரில் ஓர் அமெரிக்க வோட்டு

ஊரார் வாயைத் திறக்க வைப்பதுதான் ஸ்போக்கன் இங்கிலீஷ் டீச்சரின் பிழைப்பு. என் வாயை மூடிக்கொண்டே அதைச் செய்ய வேண்டியிருப்பது என் தலையெழுத்து.

போன மாதம் ஒரு நாள் இருட்டிய பிறகு, எங்கள் டெல்லி குவார்ட்டர்ஸின் பின்சந்தில் ஒரு விசித்திரமான சத்தம். கரகரவென்று ஒரு முணுமுணுப்பு, நடுவில் ஒரு கனைப்பு, மறுபடியும் அதே முணுமுணுப்பு. சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். "அமெரிக்கா" என்ற சொல் காதில் விழுந்தது. அவ்வளவுதான், குனிந்து ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது நான் அங்கே பிறந்துவிட்டேன். மூன்று வயதில் திருச்சிக்கு வந்து, கான்வென்டில் சிஸ்டர்களிடம் பிரம்படியோடு இங்கிலீஷ் கற்று, டெல்லியில் ஒரு மத்திய சர்க்கார் ஊழியருக்கு வாழ்க்கைப்பட்டேன். கணவர் முரளி, பதினான்கு மாத மகள் இனியா, இருவர் பாஸ்போர்ட்டிலும் சிங்கம். என்னுடையதில் மட்டும் கழுகு. இங்கே தங்கியிருக்க எனக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த கை திரும்ப வாங்கவும் செய்யும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. இதைக்கூட இனியா தூங்கிய பிறகு விழித்திருந்துதான் எழுதுகிறேன்.

அதனால் வகுப்பில் முதல் நாளே ஒரு சட்டம் போட்டுவிடுவேன்: அரசியல் கூடாது. இந்த நாட்டு அரசியலும் கூடாது, அந்த நாட்டு அரசியலும் கூடாது. வீட்டு ஹாலில் பாய் விரித்து டியூஷன் எடுக்கும் சகோதரிகளே, இந்தச் சட்டம் எத்தனை நாள் நின்றிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேப்பமரத்தடியில் இமிக்ரேஷன்

சந்தில் முணுமுணுத்தவர் என் மாணவர் வெங்கட்ராமன் மாமா. ஏதோ ஒரு மத்திய அமைச்சகத்தில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதி ரிடையர் ஆனவர். டல்லாஸில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார். விமான நிலைய அதிகாரிக்குச் சொல்ல வேண்டிய பதில்களை வேப்பமரத்திடம் ஒத்திகை பார்த்திருக்கிறார்.

மறுநாள் வகுப்பில் நான் அதிகாரியாக உட்கார்ந்தேன். "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். மாமா எழுந்து நின்று, கோப்பில் குறிப்பு எழுதுவது போன்ற இங்கிலீஷில், "மகனைப் பார்க்க. மேலும், தங்கள் நாட்டின் வெளியுறவுக் கொள்கையில் கண்டுள்ள ஐந்து குறைகள் தங்கள் மேலான பரிசீலனைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகின்றன" என்று ஆரம்பித்தார். மூன்றாவது குறைக்கு வருவதற்குள் நான் பாய்ந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டேன். "மாமா, இப்படிப் பேசினால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்றேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உண்மையைச் சொன்னா உள்ள விடமாட்டான்னா, அதென்னம்மா சுதந்திர தேசம்?"

எந்த ஊர், தீதி?

இனியாவுக்குத் தடுப்பூசி போட மோதி பாக் பகுதியில் இருக்கும் டாக்டரிடம் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். போனில் யாரோ கேட்டதற்கு, நான் அமெரிக்கக் குடிமகள் என்று இங்கிலீஷில் சொல்லித் தொலைத்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அச்சா! அமெரிக்காவா? எங்க சாமான் மேல ஏன் இவ்வளவு வரி போட்டீங்க?" ஏதோ நானே ராத்திரி உட்கார்ந்து போட்ட மாதிரி.

"இல்லை பையா, நான் தமிழ்நாடு" என்று அவரை ஹிந்தியில் அண்ணனாக்கி நழுவினேன். "அச்சா! உங்க ஊர்ல ஏன் ஹிந்தின்னா எல்லாருக்கும் கோபம் வருது?" வாணலியிலிருந்து தப்பி அடுப்பில் விழுந்தேன். பேச்சு தடம் மாறினால் வானிலையைப் பேசு என்பது கான்வென்ட் பாடம். "இன்னைக்கு என்ன புகை பாருங்க பையா" என்றேன். போச்சு. அந்தப் புகைக்கு எந்த மாநிலம் காரணம், எந்தக் கட்சி காரணம் என்று சிக்னல் சிக்னலாக விளக்கம் வந்தது. கடைசியில் வாயையே திறக்காமல் இறங்கினேன். அவர் தலையை வெளியே நீட்டி, அக்கா முறை வைத்துச் சொன்னார்: "தீதி, டெல்லியில பேசாம இருக்கிறதும் ஒரு கட்சிதான்!"

சின்னம் எங்கே?

எனக்கு முப்பத்தோரு வயதாகிறது. இதுவரை ஒரு வோட்டுப் போட்டதில்லை. இங்கே தேர்தல் வந்தால் காலனியே மை வைத்த விரலை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளும்; நான் துப்பட்டாவுக்குள் கையை மறைத்துக்கொள்வேன். இந்தத் தடவை அமெரிக்கத் தேர்தலுக்கு, அப்பா படித்த ஊரின் வாக்காளர் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துக்கொண்டு வோட்டுச் சீட்டையே இமெயிலில் அனுப்பிவிட்டார்கள். அச்செடுத்துக் குறியிட்டு, சாணக்யபுரியில் அமெரிக்கத் தூதரகப் பெட்டியில் போட வேண்டும். நாளைதான் கடைசி நாள். சீட்டைப் போனில் பத்துத் தடவை திறந்து பார்த்துவிட்டேன். முரளியோ, "வேண்டாமே. நான் ஒரு கவர்ன்மெண்டுக்குப் பயந்துதான் வாழ்றேன். உனக்கு எதுக்கு ரெண்டு? போடலைன்னா யாரும் கேக்கப்போறதில்ல" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டார்.

ஆசை யாரை விட்டது? மார்க்கெட் ஜெராக்ஸ் கடையில் போய் மெதுவாகப் போனை நீட்டினேன். கடைக்காரர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, வேட்பாளர் பெயர்களை ரேஷன் கடைப் பட்டியல் போல உரக்கப் படித்தார். நான் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டு திரும்பினால், பின்னால் ஆதார் நகல் எடுக்க நிற்கிறார் எங்கள் மாடி வீட்டு வடநாட்டு பக்ஷி ஆன்ட்டி. அவரும் என் மாணவி. காலனிக்குத் தனியாகச் செய்தித்தாள் வேண்டாம், ஆன்ட்டி போதும். கடைக்காரருக்கோ வேறு கவலை: "மேடம், சின்னமே இல்லையே! அமெரிக்காவுல படிக்காதவங்க எல்லாம் எப்படி வோட்டுப் போடுவாங்க?"

ஹாலில் கலவரம்

சாயங்காலம் ஐந்து மணி வகுப்புக்கு நாலரைக்கே எட்டுப் பேரும் ஆஜர். யாரும் நோட்டைத் திறக்கவில்லை. "மகளே, என் மகன் வேலை அங்கே தொங்கிக்கிட்டிருக்கு, யோசிச்சுப் போடு" என்றார் பக்ஷி ஆன்ட்டி. நாகர்கோவில் நர்ஸ் ஜெசிந்தா மூன்று வருஷமாக அமெரிக்க விசாவுக்குக் காத்திருப்பவள். "யாரு வந்தா நர்ஸுக்குச் சீக்கிரம் விசா குடுப்பாவன்னு பாத்துக் குத்துங்கக்கா" என்றாள். மாமா ஐந்து குறைகளையும் மறுபடி எடுத்தார்.

"இங்கிலீஷில் பேசுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போங்கள்" என்று அதட்டினேன். போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்! 'மை நேம் இஸ்'ஸைத் தாண்ட ஆறு மாதமாகத் திணறிய ஆன்ட்டி, மாமாவை மடக்கி மடக்கிக் கேட்கிறார். ஜெசிந்தா கையை ஓங்கி, "எக்ஸ்கியூஸ் மீ, அங்கிள், ஐ ஹேவ் நாட் ஃபினிஷ்ட்!" என்கிறாள். இத்தனை நாள் இவர்கள் வாயைக் கட்டிப்போட்டிருந்தது என் பயம்தானா? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதே கண்ணால் ஜன்னலையும் பார்த்துக்கொண்டேன். அது விரியத் திறந்திருந்தது. அட்டை, அட்டை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில் முரளி வந்தார். வாசலில் நின்று கூச்சலைக் கேட்டார். மேஜையில் கிடந்த சீட்டைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நேராகப் போய் ஜன்னலைச் சாத்தினார். இனியாவை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். "நாளைக்கு அரை நாள் லீவு சொல்லிடறேன். சாணக்யபுரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். யாருக்குப் போட்டேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத. எவனாவது கேட்டா, தெரியாதுன்னு குழந்தை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ண வசதியா இருக்கும்" என்றார்.

பேனாவை எடுத்ததும் எட்டுத் தலைகள் மேஜையைச் சூழ்ந்துகொண்டன. சீட்டை மார்போடு அணைத்துக்கொண்டு குளியலறைப் பக்கம் ஓடினேன். பின்னாலேயே ஜெசிந்தாவின் குரல் துரத்தியது: "உள்ள போனா மட்டும் விட்டுருவோமாக்கா? வெளிய வரும்போது மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவோம்!"

இரண்டு அரசாங்கங்களுக்குப் பயந்து இத்தனை வருஷம் வாயைப் பூட்டி வைத்திருந்தவள், கடைசியில் என் எட்டு மாணவர்களுக்குப் பயந்துதான் கதவை உள்ளிருந்து தாழிட்டுக்கொண்டேன்.