எட்டாத கிளாம்பு

இலியாஸ் சட்டை போடும்போது அதியா நேராகத் திரும்பிப் பார்க்க மாட்டாள். பார்த்தால் அவன் பாதியில் நிறுத்திவிடுவான். அடுப்பு மேடையில் இருக்கும் எவர்சில்வர் தவலையில் அவன் உருவம் கோணலாகத் தெரியும். அவன் வலது கையை இடது கையால் தூக்கிச் சட்டைக்குள் நுழைப்பதையும், பல்லைக் கடிப்பதையும் அதிலேயே பார்ப்பாள். பிறகு ஒன்றும் தெரியாதவள் போல, "டீ ஆறுதுங்க" என்பாள். பாவி மனுஷன், அவளை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு டீ குடிப்பான்.

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் இலியாஸ் பாயைத் தெரியாத ஷெட்காரர் இல்லை. கூரை ஓரத்தில் சேரும் மழைத்தண்ணீரைத் தரைக்கு இறக்கும் தகரக் குழாய்தான் அவன் தொழில். ஒவ்வொரு சுவரும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் ஜன்னல் குறுக்கே வரும், இன்னொன்றில் சுவரைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பெல்ட் பீம் துருத்திக்கொண்டு நிற்கும். அளவெடுத்து, தகரத்தை வெட்டி, மடித்து, சுவருக்கேற்ற வளைவு கொடுத்து அவனே கொண்டுபோய் மாட்டுவான்.

மற்றவர்கள் தகரத்தின் முழு நீளத்துக்கும் குழாய் செய்வார்கள். மாட்டுவதற்கு இரண்டு பேர் ஏற வேண்டும். இலியாஸ் தனி ஆள். அதற்கு அவன் ஒரு வழி வைத்திருந்தான். ஏணியில் நின்றபடி, குழாயின் அடிவாயை முழங்கால் உயரத்தில் கீழ்க் குழாய்க்குள் செருகி, இடது கையால் அணைத்துப் பிடித்து, வலது கையை மேலே நீட்டி, குழாயைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்பை முடுக்குவான். படி மாற வேண்டியதே இல்லை. முழங்காலிலிருந்து தூக்கிய கைவரை எவ்வளவோ, அவ்வளவுதான் அவன் குழாயின் நீளம். பட்டறைச் சுவரில் ஆணியால் கீறிய இரண்டு கோடுகள் இருந்தன. தகரத்தை அதில் வைத்து வெட்டுவான். டேப் எடுத்ததே இல்லை.

"உங்க உடம்பு அளவுக்குச் சட்டை தைக்கற மாதிரி பைப் தைக்கறீங்க" என்று கல்யாணமான புதிதில் அதியா கேலி செய்வாள்.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஒரு கம்பெனி ஷெட் கூரையில், வெளிச்சத்துக்காகப் போட்டிருந்த பைபர் ஷீட்டில் கால் வைத்துவிட்டான். ஷீட் முறிந்தது. உயிர் மிஞ்சியது, வலது தோள் மிஞ்சவில்லை. தோளில் பிளேட் வைத்துத் தைத்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுடைய ரத்தம் காய்ந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பகலை அதியா இன்னும் தாண்டவில்லை. யாராவது கதவை வேகமாகத் தட்டினாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள்.

சிங்காரப்பேட்டையில் அவளுடைய அண்ணன் லால் பாஷாவுக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. "மச்சான் கல்லாவுல உக்காந்தா போதும், மாடி ரூம் காலியாத்தான் கிடக்குது" என்று வாராவாரம் போன் செய்தார். நல்ல மனுஷர். அந்த நல்லதனம்தான் இலியாஸுக்கு முள்ளாகக் குத்தியது.

"உன் அண்ணன் போடற சோத்துல நான் கை வைக்கணுமா அதியா?"

"ஏன், அவரு உங்களுக்கு எதிரியா?"

"எதிரின்னா சண்டை போட்டுட்டு சாப்பிடலாம்டி. இவரு பாசமா பரிமாறுவாரு. தொண்டையில எப்படி எறங்கும்?"

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு சொன்னாள்: "ஒரே ஒரு வேலை. யாரையும் கூப்பிடாம, பழையபடி நீங்களே மேல வரைக்கும் மாட்டிக் காட்டுங்க. இங்கயே இருக்கலாம். நான் வாயே தொறக்க மாட்டேன். முடியலன்னா சிங்காரப்பேட்டை. ஏணிப் பக்கமே போகக்கூடாது. இன்னொரு தடவை உங்களைத் தூக்கிட்டு வந்தாங்கன்னா, நான் இருக்க மாட்டேங்க."

"சரி" என்றான். அந்த ஒரு சொல்லில் அவன் வாழ்க்கை முழுவதும் தொங்கியது.

ஜூஜூவாடியில் திம்மராயனின் லேத் பட்டறை. கூரைத் தண்ணீர் சுவரோடு வழிந்து பாசி பிடித்துவிட்டது. கன்னடமும் தமிழும் கலந்து பேசும் அந்த மனுஷருக்கு இலியாஸ் மேல் பிரியம். "பேரே... வேற ஆளை வரச் சொல்லியிருப்பேன் பாய். உங்களுக்காகத்தான் வெச்சிருந்தேன்" என்றார்.

இலியாஸ் மூன்று நாள் பட்டறையில் உட்கார்ந்து குழாய்களைச் செய்தான். மரச்சுத்தியல் சத்தம் மறுபடி கேட்டதும் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். வெட்டுவதும் மடிப்பதும் இடுப்பு உயரத்து வேலை. அதற்குத் தோள் ஒத்துழைத்தது. மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி விளிம்பு போல வந்தது. அவன் முகத்தில் ஒரு களை வந்தது. அதைப் பார்த்து அதியாவுக்கும் ஒரு கணம் ஆசை வந்தது. வந்திருக்கவே கூடாத ஆசை.

மாட்டும் நாளில் ஏணியைப் பிடிக்க அவளும் போனாள்.

அடிக் குழாய் தரையில் ஊன்றி நிற்கும். அதனால் அவன் நிதானமாக இரண்டு படி மேலே ஏறி, மார்புக்கு நேராக வைத்து அதன் கிளாம்பை முடுக்கினான். ஆடாமல் நின்றது.

"சக்கத்தா, ஜோரா இருக்குது பாய்! கை நல்லாத்தானே இருக்குது" என்றார் திம்மராயன்.

இலியாஸ் கீழே பார்த்து மனைவியிடம் புருவத்தைத் தூக்கினான். கல்யாணப் பந்தலில் பார்த்த அதே திமிர். அவள் சிரித்துவிட்டாள்.

இரண்டாவது குழாய். அடிவாயைச் செருகினான். இடது கையால் அணைத்தான். வலது கையை நீட்டினான்.

கை காதுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.

கிளாம்பு ஒரு சாண் மேலே இருந்தது. படி ஏறினால் குழாயின் அடிவாய் கழன்றுவிடும். இடது கையை விட்டால் குழாய் சாயும். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மூன்று நாளும் அவன் சுவரில் இருந்த பழைய கோடுகளுக்கே வெட்டியிருக்கிறான். அந்தக் கோடுகளைக் கீறிய கை அவனிடம் இல்லை. விழுவதற்கு முன்னால் இருந்த ஒரு இலியாஸுக்குக் குழாய் செய்து கொண்டுவந்திருக்கிறான். ஒரு சாண் குறைத்து வெட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கூரைவரை மூன்று துண்டுக்குப் பதிலாக நான்கு துண்டாகச் செய்திருந்தால்கூட இன்று தப்பித்திருப்பான்.

"என்னங்க, விட்டுடுங்க! எறங்குங்க!"

"இரு... எட்டிடும்."

குழாயை மார்பாலும் கன்னத்தாலும் சுவரோடு அழுத்திக்கொண்டு, உடம்பையே முறுக்கி எம்பினான். விரல் நுனி கிளாம்பைத் தொட்டது. தோளுக்குள் ஏதோ கத்தியால் கீறியது போல் இழுத்தது. "யா அல்லாஹ்!" என்று அலறினான்.

குழாய் நழுவியது. சுவரில் மோதி, திரும்பி, தகர விளிம்பு அதியாவின் முன்கையைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்தது. மேலே அவன் ஆடிக்கொண்டிருந்தான். ரத்தம் முன்கையிலிருந்து சொட்டியது. அவள் ஏணியை விடவில்லை. இரண்டு கையாலும், நெற்றியாலும்கூட ஏணியை அழுத்திக்கொண்டு, "மெதுவா... காலைக் கீழ வைங்க... இன்னொண்ணு..." என்று ஒவ்வொரு படியாக அவனை இறக்கினாள். அவன் பாதம் மண்ணைத் தொட்ட பிறகுதான் அவள் கை தளர்ந்தது.

திம்மராயன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவரால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தள்ளிப்போய், கர்நாடகத்து அத்திப்பள்ளியில் யாரையோ கன்னடத்தில் போனில் கூப்பிட்டார். "இப்பரு பேக்கு" என்றது இலியாஸ் காதில் விழுந்தது. இரண்டு பேர் வேண்டும். இத்தனை வருஷம் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேலை செய்தவனுக்கு அது புரியாதா?

அவன் தன் கைக்குட்டையை அவள் முன்கையில் கட்டப் பார்த்தான். முடிச்சு விழவில்லை. அவள் பல்லால் இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணனுக்குச் சொல்லிடு, வர்றோம்னு" என்றான்.

"முந்தாநாளே சொல்லிட்டேங்க. ஞாயித்துக்கிழமை வண்டி அனுப்பறாரு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபப்படக்கூட அவனிடம் எதுவும் மிச்சமில்லை.

"முடியாதுன்னு தெரிஞ்சுதான் இருந்தியா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடி கூட வந்த?"

"நீங்க எப்படியும் ஏறுவீங்க. ஏணியை வேற யாரு புடிப்பாங்க?"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. அவளுடைய அழுகை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ந்துபோயிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஏணியை மடக்கினார்கள். முன்பக்கத்தை அவள் தூக்கிக்கொண்டாள், பின்பக்கத்தை அவன் இடது தோளில் வைத்துக்கொண்டான். ஷிப்டு விட்ட கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த சர்வீஸ் ரோட்டில், ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள்.