அக்கா சொன்ன படம்

அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி யார் எழுதுவது என்ற கதை வந்தபோது அத்தான், "நீதான் அவவோட சின்னனில இருந்து ஒட்டிக்கொண்டு திரிஞ்சனி. நீயே எழுது" என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கும் எனக்கும் இடையில் பத்து வயது. அவருடைய இளமைக் காலத்தில் நான் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போன பிள்ளை. நான் பார்த்ததையும், பிறகு அவர் வாயால் கேட்டதையும்தான் எழுத முடியும்.

இதைக் கையில் எடுக்கும் பலருக்கு அக்காவைக் கப்பல்துறை முன்பள்ளி ரீச்சராகத்தான் தெரியும். அவர் பிறந்து வளர்ந்தது அன்புவழிபுரத்தில். எங்கள் ஐயா துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலில் இருந்து சாமான் இறக்குகிற வேலை. அம்மா வீட்டில். அக்காவுக்கு அடுத்தது அண்ணன், கடைசி நான்.

ஐயாவுக்கு வேலையைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. இளம் வயதில் அவர் இசை நாடகங்களில் பெண் வேடம் போட்டுப் பாடியவர். அதிலும் ஒரு நாடகத்தில் அவர் கதாநாயகி. கப்பலில் போன கணவன் கடலில் மாண்டுவிட்டான் என்று ஒருவன் செய்தி கொண்டுவருவான். அதைக் கேட்டு அவள் புலம்பிப் பாடுகிற கட்டம்தான் நாடகத்தின் உயிர். ஐயா அதை அரை மணித்தியாலம் பாடுவாராம். கோயில் திருவிழாவில் அதைப் பார்க்கவென்றே மூதூரில் இருந்தும் சனம் வருமாம். அக்கா அம்மாவின் மடியில் இருந்து அதைப் பார்த்திருக்கிறார். சேலை கட்டிய ஐயா நெஞ்சில் அடித்து அழ, பயந்துபோய்த் தானும் கத்தி அழுததாகச் சொல்வார்.

அக்கா உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அந்த நாடகம் படமாகி வந்தது. ஊரில் அப்போது பிரச்சினை தொடங்கிவிட்டது. சோதனைச் சாவடிகள் வந்துவிட்டன. பின்னேரக் காட்சிகளை நிறுத்தி, பகல் காட்சி மட்டும் ஓட்டினார்கள். கிண்ணியாவில் இருந்து வந்து நகரத்தில் மாமி வீட்டில் தங்கிப் படித்த பரீதாதான் அக்காவின் உயிர்த்தோழி. பரீதாவின் மாமி இரண்டு பேரையும் படத்துக்குக் கூட்டிப்போனார்.

வீட்டுக்கு வந்த அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. காய்ச்சலாக்கும் என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த கிழமையும் போனார். அதற்கடுத்த கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார், நான் பாதியில் நித்திரையாகிவிட்டேன். படத்தில் கதாநாயகி கொண்டை போடுகிற மாதிரியே கொண்டை போட்டார். அதே மாதிரிக் கை வைத்து ஒரு சட்டை தைத்தார். கிணற்றடியில் நின்று அந்தப் படத்துப் பாட்டுகளைப் பாடுவார். அடுத்த வளவில் தண்ணீர் அள்ளுகிறவர்கள் வாளியை வைத்துவிட்டு நின்று கேட்பார்கள். அக்காவுக்கு அப்படி ஒரு குரல்.

ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. பாட்டுகளை வெட்டிக் கொத்திப் படமாக்கிப்போட்டார்கள் என்பது அவருடைய கோபம். அக்கா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்.

"ஒருக்கா வந்து பாருங்கோ ஐயா. பிடிக்காட்டி எழும்பி வந்திடலாம்."

"நான் நடிச்சதை நான் ஏன் போய்ப் பாக்கோணும்?"

"இது வேற ஐயா. நாடகத்தில அவ சனத்துக்குப் பாடுறா. படத்தில அவ தன்ர வீட்டில இருக்கிறா."

ஐயா துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா படத்தின் கதையைத் தொடங்கினாலே அவர் அந்த இடத்தில் இருக்கமாட்டார். அக்கா அதைத் தன் குறையாகவே எடுத்துக்கொண்டார். ஐயா பாடிய அதே பெண்ணைத்தான் அவரும் விரும்பினார். ஆனால் அவளைப் பற்றி இருவரும் அப்போது ஒருநாளும் இருந்து கதைக்கவில்லை.

கொஞ்சக் காலத்தில் திரையரங்கு பூட்டப்பட்டது. படப்பெட்டியும் வந்த வழியே திரும்பிப் போயிருக்கும்.

அடுத்த ஆண்டு எங்கள் அண்ணன் போனார். மாமாவின் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர்கள்மேல் கடலில் சூடு விழுந்தது. யார் சுட்டது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. வள்ளத்தில் இருந்த ஒருவர் நீந்திக் கரையேறி வந்து வீட்டில் சொன்னார். அந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில், ஐயா துறைமுகத்தில். வீட்டில் அம்மாவும் அக்காவும் மட்டும். உடல் கிடைக்கவில்லை.

ஐயா நிலத்தில் விழுந்து புரண்டு அழுதார். அம்மா அழவில்லை. அன்றைக்கும் இல்லை, எட்டாம் நாள் செலவுச் சடங்கன்றும் இல்லை. வந்த சனத்துக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஐயாவால் அதைத் தாங்க முடியவில்லை. "பெத்த வயிறு இல்லையோ இது? கல்லோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டார். அம்மா அடுத்த ஆளுக்குக் கோப்பி ஊற்றினார். அதற்குப் பிறகு இருவருக்கும் இடையில் தேவைக்கு மட்டும்தான் கதை. ஐயா சாப்பிடுவார், எழுந்து போவார். அம்மா கோப்பையை எடுத்துக் கழுவுவார். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான்.

தொண்ணூறில் சண்டை மீண்டும் மூண்டபோது ஊரோடு எழும்பினோம். காட்டுக்குள் சில நாள் இருந்துவிட்டு, நகரத்துக்கு வடக்கே ஒரு பாடசாலையில் அகதிகளாகச் சேர்ந்தோம். ஒரு வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள். ஐயாவுக்கு இழுப்பு நோய் முன்னரே இருந்தது. அங்கே அது கூடியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வீதி பூட்டிக் கிடந்தது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்செடுப்பார். பாட்டு என்பதை அவர் அதற்குமுன்பே விட்டிருந்தார்.

ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு வரிசை கலைந்த பிறகு, ஐயா சுவரில் சாய்ந்து இருந்தபடி அக்காவைக் கூப்பிட்டார்.

"அந்தப் படம்... அதைச் சொல்லு பாப்பம்."

அக்கா நம்பாமல் பார்த்தார். "எந்தப் படம் ஐயா?"

"எத்தினை படத்துக்கு நீ என்னோட சண்டை பிடிச்சனி?"

அக்கா தொடங்கினார். அன்றைக்கு முடியவில்லை, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் சொன்னார். எங்கே கமரா நிற்கிறது, கதவு எந்தப் பக்கம், அவள் என்ன நிறச் சேலை, எல்லாம் சொன்னார். பாட்டு வருகிற இடங்களில் மெல்லிய குரலில் பாடினார். மற்றக் குடும்பங்களும் பாயை நகர்த்திக்கொண்டு வந்து இருந்தன. ஐயா இடைக்கிடை கையை உயர்த்தி மறிப்பார். "இதில எங்கட நாடகத்தில ரெண்டு பாட்டு. விட்டிட்டாங்கள்." ஆனால் எழுந்து போகவில்லை.

செய்தி வருகிற கட்டம் வந்தது. ஐயா நிமிர்ந்து இருந்தார். அவருடைய கட்டம் அல்லவா? அம்மா பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அக்கா சொன்னார். "வந்தவன் வாசலில நிண்டு சொல்லுறான். அவ கேட்டுக்கொண்டு நிக்கிறா. பிறகு உள்ள போய் ஒரு செம்பில தண்ணி கொண்டுவந்து அவனுக்குக் குடுக்கிறா. சாப்பிட்டனியோ எண்டு கேக்கிறா. அவன் இல்லை எண்டு தலையாட்டுறான். அவ குசினிக்குள்ள போய் அடுப்பை ஊதுறா. விறகு ஈரம். புகைதான் வருது. ஊதிக்கொண்டே இருக்கிறா."

"பாட்டு?"

"பாட்டு இல்லை ஐயா."

"அவள் பாடேல்லையோ?"

"இல்லை. அவனுக்குச் சோறு போட்டிட்டு வாசலைக் கூட்டுறா. அவ்வளவுதான்."

அம்மா கீரைச் சுளகை வைத்துவிட்டு எழுந்து குழாயடிக்குப் போனார். ஐயா தன் கைகளைப் பார்த்தார்.

"நான் அதில அரை மணித்தியாலம் பாடினனான்" என்றார். மூச்சு வந்த பிறகு, "இது சரி. அப்பிடியும் ஒருத்தி இருப்பாள்தான்" என்றார்.

அன்று பின்னேரம் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தபோது ஐயா அதை வாங்காமல், "நீ குடிச்சனியோ?" என்று கேட்டார். அண்ணன் போன நாளில் இருந்து அவர் அம்மாவிடம் அப்படி ஒன்று கேட்டதை நான் காணவில்லை. அம்மா, "ஓம், நீங்கள் குடியுங்கோ" என்றார். இருவரும் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மழைக்காலம் தொடங்குவதற்குள் ஐயா போய்விட்டார்.

பிறகு எங்களை அன்புவழிபுரத்துக்குத் திரும்ப விட்டார்கள். கூரையில்லாத வீட்டுக்கு வந்தோம். அக்காதான் சம்பாதித்தார். உடுப்புத் தைத்தார், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார், என்னைப் படிக்க வைத்தார். முப்பது வயது கடந்த பிறகுதான் கப்பல்துறை அத்தானைக் கைப்பிடித்தார். லொறி ஓட்டிய அத்தானும் சண்டையில் தன் வீட்டாரை இழந்தவர். இருவரும் ஒருவரையொருவர் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் கிடைக்கவில்லை. முன்பள்ளியில் அவரிடம் படித்துப்போன பிள்ளைகள் அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தார்கள். அம்மா கடைசிவரை அக்காவுடன் இருந்தே காலமானார்.

அம்மா போன பிறகு, சமாதான ஒப்பந்தக் காலத்தில் வீதிகள் திறந்தன. அக்கா அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அத்தானுக்கு அது மனப்பாடம். அக்காவுக்குத் தெரியாமல் அத்தான் கிண்ணியாவுக்கு ஆள் விட்டுப் பரீதாவிடம் கேட்டிருக்கிறார். பரீதாவின் தம்பி ஒரு வீடியோக் கடை வைத்திருந்தார். எங்கெங்கோ தேடி ஒரு கசற் எடுத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீதாவே, நாங்கள் பாதை என்று சொல்லும் மிதவைப் படகில் குடாவைக் கடந்து அதைக் கொண்டுவந்தார். நானும் போயிருந்தேன். அத்தான் அயலில் இருந்து வீடியோ டெக் இரவல் வாங்கி வைத்திருந்தார். அக்கா கசற்றைக் கையில் வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நின்றார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பிறகு காணவில்லை.

படம் ஓடியது. அக்கா ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். கதவு, சேலை, எல்லாம் அவர் சொன்ன மாதிரியே இருந்தன. செய்தி வருகிற கட்டமும் வந்தது. வந்தவன் வாசலில் நின்று சொன்னான். கதாநாயகி தூணைப் பிடித்தாள். வாத்தியங்கள் எழுந்தன. அவள் கடற்கரைக்கு ஓடினாள். அலைகளுக்கு நடுவே நின்று பாடினாள். நல்ல பாட்டுத்தான். செம்பும் இல்லை, தண்ணீரும் இல்லை, அடுப்பும் இல்லை.

அக்கா எழுந்து டெக்கை நிறுத்தினார். அத்தானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கசற் பழுதோ?" என்று கேட்டார்.

"நான் ஐயாவுக்குப் பொய் சொல்லிப்போட்டன்" என்றார் அக்கா.

பரீதா அக்காவின் கையைப் பிடித்து இருத்தினார். "இங்க பாரு புள்ள. படம் வந்த நேரம் நீ கதை சொல்லக்குள்ள அவள் கடலுக்க நிண்டு பாடினவள்தான். உன்ட தம்பிட செய்தி வந்த பிறகுதான் நீ, அவள் தண்ணி குடுத்த கதையச் சொல்லத் தொடங்கின. எனக்கு அப்பவே தெரியும். நான் கேக்கல்ல."

அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார். "தண்ணி குடுத்தது அம்மா. அண்டைக்கு நான் குசினி வாசலில நிண்டனான். நீந்தி வந்த பெடியன் நடுங்கிக்கொண்டு நிண்டவன். அம்மா தண்ணி குடுத்து, சாப்பிட்டனியோ எண்டு கேட்டு, அடுப்பு மூட்டினவ."

அன்றைக்கு என்ன நடந்தது என்று அதுவரை எனக்குத் தெரியாது. அம்மா சொன்னதில்லை. அம்மா ஏன் கீரையை வைத்துவிட்டு எழுந்து போனார் என்பது அப்போதுதான் விளங்கியது.

"ஐயாவுக்கு விளங்கியிருக்கும் அக்கா" என்றேன்.

"இல்லை. படம் எண்டுதான் நினைச்சவர். அம்மாவை நினைச்சுக் கவலைப்பட்டிருந்தாலும் ஆரோ ஒரு நடிகையாலதான் கவலைப்பட்டவர். நான் அம்மா எண்டே சொல்லியிருக்கலாம். அம்மாவும் பக்கத்தில இருந்தவ. ரெண்டு பேரும் உயிரோட இருந்தவை."

அத்தான் தான் கொண்டுவந்த சந்தோஷம் இப்படி ஆகிவிட்டதே என்று வெளியே போய் லொறிப் படியில் இருந்தார். அக்காதான் பிறகு போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து எல்லாருக்கும் சோறு போட்டார்.

அந்தக் கவலை அக்காவை விட்டுப் போகவில்லை. படத்தை அவர் வெறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு அதன் பாட்டுகளைச் சொல்லிக் கொடுத்தார். ஆனால் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். கடைசியாகப் புற்றுநோயோடு படுக்கையில் கிடந்தபோது, வலி தெரியாமல் இருக்க அந்தப் படத்தைச் சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். "வேண்டாம், நீ உன்ர பிள்ளையளின்ர கதையைச் சொல்லு" என்றார். சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்ணயர்ந்தார். மூன்றாம் நாள் அமைதியாகப் போனார்.

அக்காவை இராப்பகலாகக் கவனித்த அத்தானுக்கு நாங்கள் செய்யக்கூடிய கைம்மாறு இல்லை. ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சாப்பாடு சுமந்த கப்பல்துறை அயலவர்களுக்கும், கிண்ணியாவில் இருந்து கிழமைதோறும் வந்து பக்கத்தில் இருந்த பரீதா குடும்பத்துக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த முன்பள்ளிப் பழைய மாணவர்களுக்கும், தூர தேசங்களில் இருந்து ஆறுதல் சொன்ன உறவுகளுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அக்காவின் புகைப்படங்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. குரல் ஒரு துண்டும் இல்லை. பரீதாவின் மகளின் கலியாணத்தில் பெண்கள் எல்லாரும் வற்புறுத்த, அக்கா ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். வெளிநாட்டில் இருந்து வந்திருந்த யாரோ அதை வீடியோ எடுத்ததாகச் சொல்கிறார்கள். அது உங்களில் ஒருவரிடம் இருந்தால், எவ்வளவு பழுதாகியிருந்தாலும் பரவாயில்லை, எங்களுக்கு அனுப்பி வையுங்கள். அத்தான் கேட்கச் சொன்னார்.